137 வேலைகள் சிவப்பில் நிற்கின்றன, எந்தச் செயலிக்கு மாறுவது?

மெய்ப்புமேசை எழுதியது:

வணக்கம். நான் புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறேன். எந்த நிறுவனத்திலும் சேராமல் தனியாகத்தான். ஒரே நேரத்தில் ஐந்தாறு நூல்கள் கையில் இருக்கும். ஒன்று முதல் மெய்ப்பில் இருக்கும், ஒன்று இரண்டாம் மெய்ப்பில் இருக்கும், இன்னொன்றில் நூலாசிரியரிடம் கேட்ட சந்தேகங்களுக்குப் பதில் வந்தால்தான் மேலே போக முடியும். இதுபோக வீட்டு வேலைகள், அப்பாவின் மருத்துவப் பரிசோதனை நாட்கள், காப்பீட்டுத் தவணை, என்றாவது படிக்க வேண்டும் என்று குறித்து வைத்தவை, எல்லாம் ஒரே செயலியில் கிடக்கின்றன.

மூன்று வருடமாக அதே செயலிதான். பெயர் வேண்டாம். குறை அதில் இருக்கிறதா, நான் பயன்படுத்தும் விதத்தில் இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை. இன்று காலை திறந்தபோது தேதி கடந்த வேலைகள் 137. அத்தனையும் சிவப்பு. தினமும் காலையில் முதல் கால் மணி நேரம் அவற்றை ஒவ்வொன்றாக ‘நாளை’க்குத் தள்ளுவதில் போய்விடுகிறது. தள்ளி முடித்ததும் மனசு கொஞ்சம் இலேசாகும். மறுநாள் அதே வரிகள் அதே வரிசையில் வந்து நிற்கும்.

போன மாதம் நடந்த ஒன்றுதான் என்னை இங்கே எழுத வைத்தது. ஒரு நூலின் பின்னிணைப்பு மெய்ப்பைப் புதன்கிழமை அனுப்ப வேண்டும். அது பட்டியலில் இருந்தது, சரியான தேதியோடுதான் இருந்தது. ஆனால் அதற்கு மேலே ‘பழைய மின்னஞ்சல்களை ஒழுங்குபடுத்து’, கீழே ‘அலமாரி மேல்தட்டு’. எல்லாமே ஒரே சிவப்பு. மொத்தமாகத் தேர்வு செய்து நாளைக்குத் தள்ளிவிட்டேன். வியாழன் மாலை தொலைபேசி வந்தது. ஒரு நாள் தாமதத்தால் அவர்களுக்குப் பெரிய இழப்பு இல்லை, அன்பாகத்தான் பேசினார்கள். ஆனால் பதினோரு வருடத்தில் நான் கெடு தவறியது அதுதான் முதல் முறை. அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வாரமாகச் செயலிகளை மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். குறிப்பு, அட்டவணை, பட்டியல் எல்லாவற்றையும் நாமே கட்டிக்கொள்ளும் வகை ஒன்றை எடுத்தேன். நான்கு மாலைகள் அதற்கு நிறம் பூசுவதிலும் பெட்டி கட்டுவதிலும் போயின, ஒரு பக்கம்கூடத் திருத்தவில்லை. அப்புறம் அட்டைகளை இடமிருந்து வலமாக நகர்த்தும் பலகை வகை. நூல் வேலைக்கு அது அருமையாக இருந்தது, முதல் மெய்ப்பு எது, இரண்டாம் மெய்ப்பு எது என்று ஒரே பார்வையில் தெரிந்தது. ஆனால் ‘குழாய் பழுது பார்ப்பவரைக் கூப்பிடு’ என்பதற்கு நகர்ந்து போக எந்தக் கட்டமும் இல்லை.

என் தேவை இவ்வளவுதான். கைப்பேசி ஆண்ட்ராய்டு, மடிக்கணினி விண்டோஸ், இரண்டிலும் வேலை செய்ய வேண்டும். இணையம் இல்லாத நேரத்திலும் எழுதி வைக்க முடிய வேண்டும். திரும்பத் திரும்ப வரும் வேலைகள் எனக்கு நிறைய உண்டு. வேறு யாரும் என் பட்டியலைப் பார்க்க வேண்டியதில்லை. நீங்கள் எதை வைத்திருக்கிறீர்கள், ஏன்? பழைய பட்டியலை அப்படியே புதிய இடத்துக்குக் கொண்டு போகலாமா?

—

வெற்றுத்தாள் எழுதியது:

நான் பதினைந்து வருடமாக ஒரே ஓர் உரைக்கோப்பில் வைத்திருக்கிறேன். டூடூ.டிஎக்ஸ்டி என்று ஓர் எளிய முறை இருக்கிறது, ஜினா ட்ரபானி 2006-இல் தொடங்கி வைத்தது. ஒரு வேலைக்கு ஒரு வரி. முன்னுரிமை வேண்டுமென்றால் வரியின் தலையில் அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்து. எந்தத் திட்டத்தைச் சேர்ந்தது என்பதற்குக் கூட்டல் குறி போட்டு ஒரு பெயர், எங்கே அல்லது எதை வைத்துச் செய்வது என்பதற்கு மின்னஞ்சல் முகவரியில் வரும் அந்த ‘அட்’ குறி போட்டு ஒரு பெயர். முடிந்தால் வரியின் தொடக்கத்தில் சிறிய எக்ஸ். அவ்வளவுதான். எந்த எடிட்டரிலும் திறக்கும், தேடினால் உடனே கிடைக்கும்.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஒரே சமயத்தில் நாற்பது வரிக்கு மேல் இருந்ததில்லை. திரும்ப வரும் வேலைகளுக்கு அந்த முறையில் இயல்பான வழி கிடையாது, சில செயலிகள் தங்கள் வசதிக்குச் சேர்த்துக்கொண்டிருக்கின்றன. அது உங்களுக்கு முக்கியம் என்கிறீர்கள், அதனால் வற்புறுத்த மாட்டேன்.

—

இரண்டாம்வாசிப்பு எழுதியது:

நண்பரே, செயலியைத் தேடுவதை ஒரு நாள் நிறுத்தி வையுங்கள். அந்த 137 வரிகளையும் ஒரு தாளில் அச்சிட்டு, பேனாவோடு உட்காருங்கள். உங்கள் தொழிலே அதுதானே. ஒவ்வொரு தேதிக்கு நேராகவும் ஒரே கேள்வியை எழுதுங்கள்: இந்த நாளில் இது முடியாவிட்டால் யாருக்கு என்ன ஆகும்?

நான் ஒரு சிறிய நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். சில வருடங்களுக்கு முன் என் பட்டியலும் இதே நிலையில்தான் இருந்தது. 90 சொச்சம் சிவப்பு வரிகள். இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தபோது உண்மையான கெடு உள்ளவை 11 மட்டுமே. மற்ற தேதிகளை எல்லாம் நானேதான் போட்டிருந்தேன், ஏதாவது ஒரு தேதி இல்லாவிட்டால் அந்த வேலை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுமே என்ற பயத்தில். உங்கள் ‘அலமாரி மேல்தட்டு’க்கும் அதே பயத்தில்தான் தேதி வந்திருக்கும் என்று நினைக்கிறேன். கெடு இல்லாத வேலைக்குக் கெடு போட்டால், உண்மையான கெடு அந்தக் கூட்டத்தில் முகம் தெரியாமல் போய்விடுகிறது. புதன்கிழமை உங்களுக்கு நடந்தது அதுதான், உங்கள் கவனக்குறைவு என்று நான் நினைக்கவில்லை.

வேலைக்கு இரண்டு விதமான தேதிகள் உண்டு. ‘இதற்குள் முடிய வேண்டும்’ என்பது கெடு. ‘இதற்கு முன் இதை என் கண்ணில் காட்டாதே’ என்பது தொடக்க நாள். இரண்டாம் மெய்ப்பு 20-ஆம் தேதிதான் உங்கள் கைக்கு வரும் என்றால், அதுவரை அந்த வரி பட்டியலில் தெரியவே வேண்டாம். 20-ஆம் தேதி காலையில் தானாக வந்து நின்றால் போதும். இந்த இரண்டையும் ஒரே தேதிக் கட்டத்துக்குள் அடைக்கும் செயலியில், நாம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் சிவப்பு சேரத்தான் செய்யும்.

செயலிகளை ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஆம்னிஃபோகஸ், திங்ஸ் இரண்டிலும் தொடக்க நாளும் கெடுவும் தனித்தனி. ஆம்னிஃபோகஸில் இன்னொரு நல்ல விஷயம், ஒவ்வொரு திட்டத்தையும் எத்தனை நாளுக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும் என்று தனியாகச் சொல்லி வைக்கலாம். ஆனால் இரண்டும் ஆப்பிள் கருவிகளை மனதில் வைத்துச் செய்தவை, உங்களுக்கு ஆகாது. ஈமேக்ஸ் என்ற உரை எடிட்டருக்குள் இருக்கும் ஆர்க் மோடு என்ற பகுதியிலும் ‘ஷெட்யூல்டு’ வேறு, ‘டெட்லைன்’ வேறு. கெடு நெருங்குவதை 14 நாள் முன்பிருந்தே நிகழ்ச்சிநிரலில் காட்டத் தொடங்கும், அந்த எண்ணை மாற்றிக்கொள்ளலாம். 2003-இல் கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் தன் சொந்தக் குறிப்புகளுக்காகத் தொடங்கியது, இன்றும் அசையாமல் நிற்கிறது. நான் வைத்திருப்பது அதைத்தான். ஈமேக்ஸ் ஏற்கெனவே பழக்கமில்லாதவருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன், கற்றுக்கொள்ளவே ஒரு பருவம் போய்விடும்.

உங்களுக்கு நான் சொல்வது டாஸ்க்ஸ்.ஆர்க். ஆண்ட்ராய்டு, திறமூலம் (நிரலை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம்), இணையம் இல்லாமலும் ஓடும், தொடக்க நாள் தனி, கெடு தனி. மடிக்கணினிக்கு என்ன செய்வது என்பதைத் தெரிந்தவர் யாராவது சொல்லட்டும். டுடூயிஸ்டும் நல்ல செயலிதான். ‘அடுத்த திங்கள்’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் தானே தேதியைப் புரிந்துகொள்ளும் வசதி சுகமானது. ஆனால் அதில் நீண்ட காலம் ஒரே தேதிதான் இருந்தது, கெடுவுக்கென்று தனி இடம் பிற்பாடுதான் வந்தது. மைக்ரோசாஃப்ட் டூ டூவில் ‘என் நாள்’ என்ற பகுதி இருக்கிறது. இரவு தாண்டினால் அது தானே காலியாகிவிடும், காலையில் வெற்றுப் பட்டியலோடு தொடங்கலாம். உங்களைப் போலத் தினமும் தள்ளிக்கொண்டிருப்பவருக்கு அந்த ஏற்பாடு ஆறுதலாக இருக்கும். ஆனால் வேலைக்கான தேதி அங்கேயும் ஒன்றுதான்.

இன்னொன்று. தேதி இல்லாத வேலைகள் காணாமல் போகாமல் இருக்க வேண்டுமென்றால், வாரம் ஒரு முறை முழுப் பட்டியலையும் உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும். வேலைகளை ஒழுங்குபடுத்துவது பற்றி டேவிட் ஆலன் 2001-இல் எழுதிய நூலிலிருந்து பரவிய முறையில் இந்த வாராந்தர மறுபார்வைதான் தூண். பலர் மற்றதை எல்லாம் எடுத்துக்கொண்டு இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள், நானும் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தேன். அந்த வாரப் பார்வை இருந்தால் பொய்த் தேதி போட வேண்டிய பயமே வராது. எனக்கு வெள்ளிக்கிழமை மூடும் நேரத்துக்கு முன் நாற்பது நிமிடம்.

—

புதன்மாலை எழுதியது:

நான் மாறுபடுகிறேன். எதற்கும் மாறாதீர்கள். இருக்கும் செயலியிலேயே உண்மையான கெடு இல்லாத எல்லாத் தேதிகளையும் அழித்துவிட்டு இரண்டு மாதம் ஓட்டிப் பாருங்கள். மேலே நண்பர் சொன்ன கேள்வி மிகச் சரியானது, அதற்குப் புதிய செயலி தேவையில்லை. நான் ஐந்து வருடத்தில் ஏழு முறை மாறினேன். ஒவ்வொரு முறையும் முதல் மூன்று வாரம் எல்லாம் துலக்கமாக இருக்கும், காரணம் பட்டியல் புதிது, சிறிது. செயலிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. கடைசியில் போனிலேயே வந்த சாதாரணப் பட்டியலில் நின்றுவிட்டேன். நிம்மதியாக இருக்கிறேன்.

—

திறந்தகதவு எழுதியது:

மாறுவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. மாறுவதாக இருந்தால், உள்ளே நுழையும் முன்பே வெளியேறும் வழியைப் பார்த்து வையுங்கள். இதை நான் வலித்துக் கற்றுக்கொண்டேன். முன்பு வைத்திருந்த ஒரு செயலியை விட்டு வரும்போது ஏற்றுமதி செய்தேன். வந்த கோப்பில் வேலைகளின் தலைப்புகள் மட்டும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வருடமாக எழுதிய குறிப்புகள் எதுவும் வரவில்லை. அதைக் கவனிப்பதற்குள் கணக்கையும் மூடிவிட்டேன்.

நிறுவனங்கள் கைமாறும், செயலிகள் மூடப்படும். வுண்டர்லிஸ்டை மைக்ரோசாஃப்ட் 2015-இல் வாங்கியது, 2020 மே 6-ஆம் தேதியோடு நிறுத்தியது. ஆஸ்ட்ரிட் என்று ஒன்று இருந்தது. 2013-இல் யாஹூ வாங்கியது, அதே வருடம் ஆகஸ்டில் மூடியது. ஆனால் ஆஸ்ட்ரிடின் நிரல் திறமூலமாக இருந்ததால் அது அதோடு அழிந்துவிடவில்லை. மேலே சொன்ன டாஸ்க்ஸ்.ஆர்க் முளைத்தது அந்த நிரலிலிருந்துதான். ஒரு செயலி மூடப்பட்ட பிறகும் அதன் வேர் இன்னொருவர் கையில் தழைத்திருப்பதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

மடிக்கணினிக்கு வருகிறேன். நாட்காட்டிகளைப் பரிமாறிக்கொள்ள ஐகேலண்டர் என்ற பொதுத் தரம் இருக்கிறது, இப்போதைய வடிவம் 2009-இல் வந்தது. அதில் நிகழ்ச்சிகளோடு வேலைகளுக்கும் இடம் உண்டு. ஒரு வேலைக்குத் தொடக்க நாள், கெடு இரண்டையும் தனித்தனியாக எழுத அந்தத் தரமே வழி வைத்திருக்கிறது. அதைச் சர்வர் வழியாக ஒத்திசைக்கும் முறை கால்டேவ். கால்டேவ் தெரிந்த ஒரு கணக்கு, கைப்பேசியில் டாஸ்க்ஸ்.ஆர்க், விண்டோஸில் தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல், நாட்காட்டி மென்பொருள். மூன்றும் ஒரே மொழி பேசும். நாளை எதை மாற்ற நினைத்தாலும் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும், பட்டியல் இடத்தை விட்டு நகராது. நெக்ஸ்ட்கிளவுட் (கோப்புகளையும் நாட்காட்டியையும் நம் சொந்தச் சர்வரில் வைக்க உதவும் மென்பொருள்) வைத்திருந்தால் அதிலும் வேலைப் பட்டியலுக்கான பகுதி உண்டு.

எந்தச் செயலியாக இருந்தாலும் முதல் நாளே ஒரு சோதனை செய்யுங்கள். பத்து வேலைகளை மட்டும் போடுங்கள். ஒன்றுக்கு நீண்ட குறிப்பு, ஒன்றுக்குள் மூன்று உள்வேலைகள், ஒன்று வாராவாரம் திரும்புவது, ஒன்று முடித்தது. பிறகு ஏற்றுமதி செய்து, வந்த கோப்பை நோட்பேடில் திறந்து படியுங்கள். அந்தப் பத்தில் எது காணவில்லையோ அதைத்தான் ஒரு நாள் இழப்பீர்கள். தமிழ் எழுத்துகள் சரியாக வந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள், கட்டம் கட்டமாக வந்தால் அங்கேயே விட்டுவிடலாம்.

—

மெய்ப்புமேசை எழுதியது (ஆறு வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாமல், செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

தாளில் அச்சிட்டுச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. உண்மையான கெடு 9. ஒன்பதுதான்! ஒரு குறிப்பிட்ட நாளுக்கு முன் தொடங்கவே முடியாதவை, அதாவது தொடக்க நாள் மட்டும் வேண்டியவை 34. தேதியே தேவையில்லாதவை 40. அழித்துவிட்டவை 23. மீதி 31-ஐ நான் எதிர்பார்க்கவே இல்லை. அவற்றில் என் வேலை எதுவும் மிச்சமில்லை, எல்லாமே யாரோ ஒருவருடைய பதிலுக்குக் காத்திருப்பவை. ‘ஏழாம் இயல் சந்தேகங்கள்’ என்று எழுதி தினமும் தள்ளிக்கொண்டிருந்தேன். அந்தச் சந்தேகங்களை நூலாசிரியருக்கு அனுப்பி ஐந்து வாரம் ஆகியிருந்தது! இப்போது ‘காத்திருப்பவை’ என்று தனிப் பட்டியல் வைத்து, யாருக்கு என்று அனுப்பினேன் என்பதை வரியிலேயே எழுதிவிடுகிறேன். செவ்வாயும் வெள்ளியும் அதை மட்டும் திறந்து நினைவூட்டல் அனுப்புகிறேன். அந்த 31-இல் 19-க்குப் பதில் வந்துவிட்டது.

புதன்மாலை சொன்னபடி முதல் மூன்று வாரம் பழைய செயலியிலேயே இருந்தேன். அதிலேயே சிவப்பு காணாமல் போனது, அந்த அறிவுரை சரியானதுதான். ஆனால் அங்கே தொடக்க நாளுக்கு இடமில்லாததால் அந்த 34-ஐ எங்கே வைப்பது என்று தெரியவில்லை, நாட்காட்டியில் போட்டேன், நாட்காட்டி நிரம்பி வழிந்தது. அதனால்தான் மாறினேன். கைப்பேசியில் டாஸ்க்ஸ்.ஆர்க், மடிக்கணினியில் தண்டர்பேர்ட், நடுவில் கால்டேவ். கணக்கை இணைக்க ஒரு மாலை ஆனது. பழைய பட்டியலைக் கொண்டு வரவில்லை. கையால் தட்டச்சு செய்தேன், அப்போதே இன்னும் சில தேவையில்லை என்று தெரிந்தது. பலகையை நூல்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன், ஒரு நூலுக்கு ஓர் அட்டை.

ஞாயிறு காலை மறுபார்வை. ஆறு வாரத்தில் ஒரு முறைதான் தவறியது.

இப்போது ஒரு சிக்கல் மட்டும். அப்பாவின் பரிசோதனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை. இந்த முறை மருத்துவர் இல்லாததால் 18 நாள் தள்ளிப் போனது. டிக் போட்டதும் அடுத்த தேதி பழைய தேதியிலிருந்து மூன்று மாதம் என்று வந்து நிற்கிறது. கையால் மாற்றினேன். வேறு வழி உண்டா?

—

இரண்டாம்வாசிப்பு எழுதியது:

ஒன்பது என்று படித்ததும் மனம் நிறைந்தது. அந்தக் ‘காத்திருப்பவை’ பட்டியலை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

உண்டு. திரும்ப வரும் வேலையை அமைக்கும் இடத்தில், எதிலிருந்து கணக்கிட வேண்டும் என்று கேட்கும். கெடுவிலிருந்து அல்லது முடித்த நாளிலிருந்து. அப்பாவின் பரிசோதனைக்கு முடித்த நாள். காப்பீட்டுத் தவணைக்குக் கெடு, ஏனென்றால் நீங்கள் பத்து நாள் முன்பே கட்டினாலும் அடுத்த தவணை தன் தேதியில்தான் வரும். டுடூயிஸ்டில் இதே வேறுபாட்டை ஆங்கிலத்தில் ‘எவ்ரி’ என்ற சொல்லுக்குப் பின் ஓர் ஆச்சரியக்குறி போட்டுச் சொல்வார்கள். ஆர்க் மோடில் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதைக் குறிக்கும் கூட்டல் குறிக்கு முன் ஒரு புள்ளி.

—

திறந்தகதவு எழுதியது:

ஒரு சின்ன எச்சரிக்கை. ஐகேலண்டர் தரத்தில் ‘முடித்த நாளிலிருந்து’ என்று எழுத வழியில்லை, அது தேதியிலிருந்து மட்டும்தான் கணக்கிடும். முடித்த நாளைப் பார்ப்பது அந்தந்தச் செயலி தானாகச் செய்துகொள்ளும் ஏற்பாடு. அதனால் அப்படிப்பட்ட வேலைகளுக்கு மடிக்கணினியில் டிக் போடாதீர்கள். எங்கே அமைத்தீர்களோ அந்தக் கைப்பேசியிலேயே போடுங்கள்.

—

மெய்ப்புமேசை எழுதியது:

மாற்றிவிட்டேன். பரிசோதனை முடித்த நாளிலிருந்து, தவணை கெடுவிலிருந்து. தலையணை உறை மாற்றுவது, மடிக்கணினிக்குக் காப்புநகல் எடுப்பது என்று இன்னும் ஆறு வேலைகள் இதே போல் தவறாக இருந்தன, அவற்றையும் சரிசெய்தேன். பரிசோதனைக்கு மட்டும் தொடக்க நாளைப் பத்து நாள் முன்னதாக வைத்திருக்கிறேன், மருத்துவரிடம் நேரம் வாங்க.